மானிட்டருக்கு ஒரு பொன்னாடை

எங்கள் வீட்டில் ஒரு அறைக்கு மிஷின் ரூம் என்று பெயர். அதில் எந்த மிஷினும் ஓடி வெகு காலம் ஆகிறது. ஆனாலும் பெயரும் மாறவில்லை, பூட்டும் மாறவில்லை. என் வீட்டுக்காரர் கலெக்டர் ஆபீஸில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். திருவண்ணாமலையிலேயே முதன்முதலாக வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கி வைத்தவர்களில் தானும் ஒருவர் என்பதை, கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருபவர்களிடம்கூட உட்கார வைத்துச் சொல்லுவார். அந்த முதல் கம்ப்யூட்டரும் அதற்குப் பின்னால் வந்த அதன் தம்பிகளும் எல்லாம் அந்த அறையில்தான் குடியிருந்தன. பின்பக்கம் பெருத்த மானிட்டர்கள், மஞ்சள் பூத்த சிபியூ பெட்டிகள், பேட்டரி செத்த யூபிஎஸ், அடியில் உருண்டை வைத்த மவுஸ், அக்கம்பக்கத்தை எழுப்பிக்கொண்டே அச்சடித்த பழைய பிரிண்டர், ஒரு அரிசிச் சாக்கு நிறைய ஒயர். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு இவை அத்தனைக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பது வழக்கம். துடைக்கும் வழக்கம் இல்லை. அதனால் ஒவ்வொன்றின் நெற்றியிலும் குங்குமம் ஒரு மேடு கட்டியிருந்தது.

அந்த அறை எனக்கு வேண்டும் என்று நான் கேட்டிருந்தேன். நான் அரசு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். என் பணி நிறைவு விழாவில் மேடையில் வீட்டுக்காரரையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் உணர்ச்சிவசப்பட்டு, இனிமேல் மிஷின் ரூம் என் மனைவிக்குத்தான் என்று மைக்கில் அறிவித்தார். பலத்த கைதட்டல். மைக்கில் அறிவித்தவற்றை நிறைவேற்றும் பழக்கம் நம் பக்கத்தில் யாருக்கும் கிடையாது. அவருக்கு மட்டும் எங்கிருந்து வரும்?

"ரூம் எதுக்கு? டியூஷன் எடுக்கப் போறியா?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டார்.

"இல்லங்க."

"தையல் மிஷினா?"

"இல்லங்க."

"பின்ன இன்னாதான் பண்ணப் போறே?"

"ஒண்ணும் பண்ணப் போறதில்ல. உள்ள போயி தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு உக்காரப் போறேன்."

அவர் என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்.

எங்கள் ஊரில் ஆசிரமங்கள் இருக்கும் செங்கம் ரோடு பக்கம் போனால் தெரியும். கடல் தாண்டி, மலை தாண்டி, விசா வாங்கி, ஒன்றும் செய்யாமல் உட்காருவதற்கென்றே ஜனங்கள் வருகிறார்கள். மாடி அறையை வாடகைக்கு எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு, மலையைப் பார்த்துச் சும்மா இருக்கிறார்கள். அவர்கள் நடந்து போனால் ஆட்டோக்காரர்கூட ஹாரனைக் கம்மி பண்ணிக்கொள்கிறார். அதே வேலையை நாங்கள் இருக்கும் வேங்கிக்காலில், சொந்த வீட்டில், உள்ளூர்க்காரி ஒருத்தி செய்ய ஆசைப்பட்டால் பிரஷர் பார்க்கச் சொல்கிறார்கள்.

எனக்கு ஏன் தாழ்ப்பாள் வேண்டும் என்பதற்குப் பௌர்ணமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியூர் பஸ்ஸில் வந்து இறங்கினால் முதலில் கண்ணில் படும் சொந்தக்காரர் வீடு எங்களுடையது. மாதா மாதம் பௌர்ணமிக்கு ஆற்காட்டில் இருந்து, போளூரில் இருந்து, செஞ்சியில் இருந்து என்று வீட்டுக்காரரின் உறவு முழுக்க மலை சுற்ற வந்து சேரும். கார்த்திகை தீபத்துக்கோ கேட்கவே வேண்டாம். சுற்றுவதற்கு முன்னால் சாப்பிடுவார்கள், சுற்றிவிட்டு வந்து காலை நீட்டிப் படுப்பார்கள். ஹாலில், பெட்ரூமில், மாடிப்படியில், சமையலறை வாசலில் எல்லாம் கால்கள். அந்தக் கால்களைத் தாண்டித் தாண்டித்தான் நான் புளியோதரை கிளறுவேன். அதற்கென்றே ஒரு அலுமினியக் குண்டான் உண்டு. என் மாமியார் வீட்டுச் சொத்தில் எனக்கென்று பிரித்துக் கொடுக்கப்பட்டது அது ஒன்றுதான். மிஷின் ரூமில் மட்டும் யாரும் படுப்பதில்லை. "தூசு ஆவாது, ஒயருங்க கெடக்குது, ஷாக் அடிக்கும்" என்று சொல்லி வீட்டுக்காரர் பூட்டிச் சாவியை அரைஞாணில் முடிந்துகொள்வார்.

நான் விடாமல் கேட்டபோது அவர் ஒரு காரணம் கண்டுபிடித்தார்.

"பொட்டு வெச்ச பொருள எடைக்குப் போடக் கூடாதும்மா. இத்தன வருஷ பூஜ வாங்கியிருக்குது."

சரி, விஷயம் தெரிந்தவரைக் கேட்போம் என்று, கோயிலில் பூஜை முறை உள்ள அவருடைய பள்ளித் தோழர் குருக்களிடம் அழைத்துப் போனேன். குருக்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சந்நிதியில திருப்பணின்னா மூர்த்தியோட சக்திய கும்பத்துக்கு மாத்திட்டுத்தான் கை வைப்போம்" என்றார். வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. கும்பம் எத்தனை தேவைப்படும் என்று மனதுக்குள் எண்ணத் தொடங்கிவிட்டார். குருக்கள் தொடர்ந்தார்: "உன் மானிட்டருக்கு அதெல்லாம் வேண்டாம்டா. ப்ளக்கப் புடுங்கிடு, போறும்."

வீடு திரும்பியதும் என் வீட்டுக்காரர் நேராக மிஷின் ரூமைத் திறந்து பார்த்தார். ப்ளக் ஏற்கெனவே பிடுங்கித்தான் இருந்தது.

அதற்கப்புறம் அவருக்கு ஒரு வழி கிடைத்தது, செங்கம் ரோட்டில். காலையில் நடக்கப் போகிறவர் அங்கே ஒரு காபிக் கடையில் உட்காருவது உண்டு. அந்தக் கடை மாடியில் ஒரு வெள்ளைக்கார அம்மா வாரம் ஒருநாள் பொருள்களை விடும் வகுப்பு நடத்துகிறார். ஒரு பொருளைக் கொடுப்பதற்கு முன் அதன் எதிரில் உட்கார்ந்து நன்றி சொல்ல வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும், போய் வா என்று சொல்ல வேண்டும். அதை வீடியோ எடுத்து வைத்துக்கொண்டால் பொருள் போனாலும் மனம் அடித்துக்கொள்ளாது. இதுதான் பாடம். தன் நாட்டில் ஒரு வீடு நிறைய இருந்த சாமான்களை அந்த அம்மா இப்படித்தான் விட்டுவிட்டு வந்தாராம். அந்த வீடியோக்கள் மட்டும் ஒரு பெட்டி நிறைய டிஸ்க்குகளாக அவரோடு வந்திருந்தன.

ஒருநாள் என்னையும் வகுப்புக்கு அழைத்துப் போனார். அந்த அம்மா பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருப்பது போன்ற தமிழ் பேசினார். "பொருள்களை நாம் விடுவிக்க வேண்டும், அம்மா. அப்பொழுது அவையும் நம்மை விடுவிக்கும்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

"மனுஷங்களுக்கும் இது பொருந்துமாங்க?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "முதலில் பொருள்கள்" என்றார்.

அடுத்த நாளே படப்பிடிப்பு ஆரம்பமாகிவிட்டது. ஒளிப்பதிவு நான். முதலில் மவுஸ். ஸ்டூலில் ஒரு துண்டை விரித்து மவுஸை உட்கார வைத்தார். தான் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டார். வெள்ளைக்கார அம்மா சொன்னது மூன்றே மூன்று வாக்கியம். ஆனால் என் வீட்டுக்காரர் வாழ்நாள் முழுக்க அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்தவர். விடைகொடுப்பது என்றால் அவருக்குத் தெரிந்தது பணி நிறைவு விழா ஒன்றுதான்.

"அனைவருக்கும் வணக்கம்" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "இன்று நம்மிடமிருந்து விடைபெறும் மவுஸ் அவர்கள், சாதாரண நிலையில் பணியில் சேர்ந்து, தன் கடின உழைப்பால்..." என்று போனது பேச்சு. மவுஸ் விடுப்பே எடுக்காமல் உழைத்ததையும், மேலதிகாரிகள் மெச்சும்படி நடந்துகொண்டதையும், எஞ்சிய நாட்களைக் குடும்பத்தாருடன் மகிழ்ச்சியாகக் கழிக்க வேண்டும் என்பதையும் சொல்லி முடித்தார். எனக்குக் கை வலித்தது. போனை இறக்கப் போனேன்.

"இரு, இரு. நன்றியுர நீதான்."

நானும் பேசினேன். விழாவுக்கு வருகை தந்த மவுஸுக்கும், ஸ்டூலுக்கும், மின்சாரத்துக்கும் நன்றி சொன்னேன். நாட்டுப்பண் ஒன்றுதான் பாக்கி.

மானிட்டர் முறை வந்தபோது, ஆபீஸில் தனக்குப் போர்த்திய பொன்னாடையை பீரோவில் இருந்து எடுத்து வந்து அதற்குப் போர்த்தினார். ஜரிகையும் குங்குமமுமாக அது கல்யாணத்துக்கு வந்த பெரிய மனுஷி போல உட்கார்ந்திருந்தது. "எம் பொண்ணு பிளஸ் டூ மார்க்க இதுலதான் தெருவே வந்து பாத்துச்சு" என்று சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்லக் கூடாது. அன்றைக்கு வாசலில் கிடந்த செருப்புகள் எல்லாம் ஞாபகம் வந்தன. பாவம் மனுஷன், இவரைப் போய்ப் படுத்துகிறோமே என்றுகூட நினைத்தேன். அந்த நேரம் பார்த்து அடுப்பில் குக்கர் விசில் அடித்தது. வீடியோவில் விசில் விழுந்துவிட்டது என்று மறுபடியும் எடுக்கச் சொன்னார். மறுபடியும் அதே இடத்தில், அதே அளவுக்குக் குரல் உடைந்தது. மூன்றாம் தடவை நான் வெயிலுக்கு எதிராகப் பிடித்துவிட்டேன், அப்போதும் உடைந்தது. அதற்கப்புறம் நான் கலங்கவில்லை.

ஒவ்வொரு வீடியோவையும் குடும்ப குரூப்பில் போட்டார். யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆற்காட்டில் இருக்கும் அவருடைய அக்கா மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரு கும்பிடு அனுப்பினார். இந்த அண்ணி வாழைப்பழத்துக்கும் கும்பிடு அனுப்புவார், சாவுச் செய்திக்கும் கும்பிடு அனுப்புவார்.

விடைபெற்ற பொருள்கள் விடைபெற்றதோடு சரி, வெளியே போகவில்லை. ரீடேக் வேண்டியிருக்கும் என்று எல்லாவற்றையும் திரும்ப அறைக்குள்ளேயே வைத்தார். கலெக்டர் ஆபீஸிலும் இப்படிச் சிலரை நான் பார்த்திருக்கிறேன். மாலை போட்டு வழியனுப்பிய மறுநாளும் காலையில் வந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்கள். இதற்குள் போனில் இடம் நிரம்பிவிட்டது. வழியனுப்பு வீடியோக்களைப் பத்திரப்படுத்த ஒரு புது டிஸ்க் வாங்கி வந்தார். அதை எங்கே வைப்பது என்று யோசித்து மிஷின் ரூமில் வைத்தார். அடுத்த ஆயுத பூஜைக்கு அதற்கும் பொட்டு உண்டு.

அன்றைக்கு எனக்குப் பொறுமை போய்விட்டது. தெருவில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு போன பழைய இரும்புக்காரரை நானே கூப்பிட்டேன்.

அவர் வந்து அறையை எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது, டிவிக்கெல்லாம் சால்வ போத்தி வெச்சிருக்கீங்க? வூட்ல எதுனா விசேஷமா?"

"விசேஷம் முடிஞ்சிடுச்சுங்க. நீங்க ஏத்துங்க."

என் வீட்டுக்காரர் தடுக்கவில்லை. ஒவ்வொன்றாக வண்டியில் ஏறும்போது வாசலில் நின்று தொட்டுக் கும்பிட்டார். பொன்னாடையை மட்டும் உருவிக்கொண்டார். புது டிஸ்க்கை சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அறை காலியானதும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நானே பெருக்கினேன், நானே கழுவினேன். மானிட்டர்களுக்குப் பின்னால் ஒரு ஜன்னல் இருப்பதையே மறந்துபோயிருந்தேன். திறந்தால் மலையின் ஒரு பக்கம் தெரிந்தது. உச்சி தெரியவில்லை, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறைத்தது. எனக்கு அதுவே ஜாஸ்தி. கதவின் உள்தாழ்ப்பாள் வீடு கட்டியபோது அடித்த பெயின்ட்டோடு ஒட்டிக் கிடந்தது. தேங்காய் எண்ணெய் விட்டு, தட்டித் தட்டி நகர்த்தினேன். டக்கென்று விழுந்தது. இரண்டு மூன்று தடவை போட்டுப் போட்டுத் திறந்தேன், சும்மா, அந்தச் சத்தத்துக்காக.

மறுநாள் நான் மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரத்தில், வீட்டுக்காரர் தானே போனைப் பிடித்துக்கொண்டு கடைசி வீடியோ ஒன்று எடுத்திருக்கிறார். காலி அறைக்கே விடைகொடுக்கும் வீடியோ. கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். என் பையில் இருந்த போன் குரூப் செய்திகளால் விடாமல் அதிர்ந்தது. யாரோ போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். திறந்து பார்த்தேன்.

பொன்னாடையைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்கு நடுவில் நின்றிருந்தார். சுவர், ஜன்னல், நான் கழுவிய தரை எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினார். நன்றி சொன்னார், மன்னிப்புக் கேட்டார். விழா என்றால் கடைசியில் ஒரு அறிவிப்பு இருக்க வேண்டுமே, அதையும் செய்தார். "ஆக, சொந்தங்களே, இந்த ரூம் இப்ப காலி. இனிமே பௌர்ணமிக்கு வர்றவங்க மாடிப்படியில படுக்க வேண்டியதில்ல. தீபத்துக்கு எல்லாரும் தாராளமா வாங்க."

அத்தனை வீடியோவுக்கும் வாய் திறக்காத குரூப் இதற்குத் திறந்தது. இதயம், பூங்கொத்து, கைதட்டல். போளூர்க்காரர்கள் வருவதாகச் சொன்னார்கள். செஞ்சிக்காரர்கள் சம்பந்தியையும் கூட்டி வருவதாகச் சொன்னார்கள். அண்ணி குரல் செய்தி அனுப்பியிருந்தார். "ரொம்ப சந்தோசம்டா தம்பி. எனக்கு முட்டி வலி, கீழ் ரூமுன்னா சௌகரியமா இருக்கும். நாங்க ஆறு பேரு வரோம். புளி சாதத்துல போன தடவ உப்பு கம்மியா இருந்துச்சு, அவகிட்ட சொல்லு."

அந்தக் கத்தரிக்காய்க் கடையில் நின்று நான் அழுதேன். கடைக்காரம்மா பயந்து விலையைக் குறைத்தார். பஸ்ஸில் வரும்போது அழுகை நின்று கோபம் வந்தது. இத்தனை வருஷமாக நான் வெறுத்த அந்த டப்பாக்கள்தான் அந்த அறையை எனக்காகக் காவல் காத்திருக்கின்றன என்பதும் அந்த பஸ்ஸில்தான் எனக்குப் புரிந்தது. நானே கூப்பிட்டு நானே காவலை ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

"ஏங்க, அந்த ரூம் யாருக்குன்னு மைக்ல சொன்னீங்க?" என்று வாசலிலேயே கேட்டேன்.

"உனக்குத்தாம்மா. யாரு இல்லன்னா? பௌர்ணமிக்குத்தான கேக்குறாங்க. மாசத்துல ரெண்டு நாளு. மிச்ச நாளெல்லாம் நீயே உக்காந்துக்கயேன்."

"மிச்ச நாளெல்லாம் வீடே காலியாத்தாங்க கெடக்குது. எனக்கு அந்த ரெண்டு நாளைக்குத்தான் ரூம் வேணும்."

அவர் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை நெற்றியில் கைவைக்கவில்லை.

நான் சமையலறைக்குப் போய், பரணில் இருந்த குண்டானை இறக்கினேன். ஸ்டூலில் துண்டை விரித்து உட்கார வைத்தேன். அவர் தோளில் இருந்த பொன்னாடையை எடுத்து அதற்குப் போர்த்தினேன். போனை அவர் கையில் கொடுத்தேன்.

"புடிங்க. நேரா புடிங்க. ரீடேக் கெடையாது."

அவர் பிடித்தார்.

"அனைவருக்கும் வணக்கம்" என்று ஆரம்பித்தேன். "இன்று நம்மிடமிருந்து விடைபெறும் குண்டான் அவர்கள், என் கல்யாணத்தன்றே பணியில் சேர்ந்தவர். ஒரு பௌர்ணமிகூட விடுப்பு எடுத்ததில்லை. எத்தனையோ பேர் மலையைச் சுற்றிப் புண்ணியம் தேடிக்கொள்ள இவர் அடுப்பில் உட்கார்ந்து கரியாகியிருக்கிறார்." அதுவரை சரியாகத்தான் வந்தது. அதற்கு மேல் மேடைத் தமிழ் எனக்கு வரவில்லை. "நீ வந்ததுல இருந்து நானும் இந்த ஊர்லதான் இருக்கேன். பௌர்ணமியில ஒரு தடவ, ஒரே ஒரு தடவகூட, நான் மலைய சுத்துனதில்ல. சுத்திட்டு வந்தவங்க யாரும், நீ போயிட்டு வந்தியான்னு என்னக் கேட்டதுமில்ல. உம்மேல எனக்குக் கோவம் இல்ல. நீ சோறு வேகுற பாத்திரம், அவ்ளோதான். ரொம்ப நன்றி. அடி புடிக்க விட்டதுக்கு மன்னிச்சிடு. போயிட்டு வா."

நன்றியுரைக்காக வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் போனைப் பிடித்தபடியே நின்றிருந்தார். நன்றியுரை இல்லாமலே விழா முடிந்தது.

குரூப்பில் நானே போட்டேன். அன்று முழுக்க ஒரு கும்பிடுகூட வரவில்லை. போளூர் கொழுந்தன் மனைவி மட்டும் எனக்குத் தனியாக அனுப்பியிருந்தாள்: "அக்கா, எங்க வீட்டு இட்லிப் பானையையும் இப்படி ஒரு வீடியோ எடுக்கலாமா?" தாராளமாக எடுக்கலாம், பொன்னாடை வேண்டுமானால் அனுப்புகிறேன் என்று பதில் எழுதினேன். மறுநாள் பழைய இரும்புக்காரர் குண்டானை வாங்கிக்கொண்டு போனார். சால்வையைப் பற்றி அவர் இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை.

தீபத்துக்கு ஆட்கள் வந்தார்கள். எப்போதையும் விடக் கம்மிதான், ஆனால் வந்தார்கள். அண்ணி ஆறு பேரோடு வந்தார். வீட்டுக்காரர் தன் கட்டிலை அவருக்குக் கொடுத்தார். மலை சுற்றும் வழி நெடுக அன்னதானம் கொடுக்கிறார்கள், அதையெல்லாம் தாண்டி வந்து வீட்டில் புளியோதரை கேட்ட கூட்டத்தைத் தானே வரிசைக்கு அழைத்துப் போய்ச் சாப்பிட வைத்தார். பெருமைக்குச் சொல்லவில்லை. அவருக்கு வேறு வழியும் இருக்கவில்லை, வீட்டில் அவ்வளவு பெரிய பாத்திரம் கிடையாது.

நீயும் மலை சுற்றப் போனாயா என்று இதைப் படிப்பவர்கள் கேட்பார்கள். போகவில்லை. சாயங்காலம் ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். தீபம் ஏற்றியதும் ஊரே கத்தியது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வானம் கொஞ்சம் சிவந்த மாதிரி இருந்தது. வெளியே ஹாலில் பாத்திரம் உருளும் சத்தமும், செருப்பு தேடும் சத்தமும், காபி கிடைக்குமா என்று யாரோ கேட்பதும் காதில் விழுந்தன. கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டினார்கள்.

"உள்ள இன்னாம்மா பண்றே?" அண்ணியின் குரல்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். அத்தனை வருஷப் பழக்கம், கால் தானாக எழுந்துவிட்டது. கைகூடத் தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது.

"ஒண்ணும் பண்ணல அண்ணி" என்றேன்.

மறுபடியும் தட்டினார். நான் நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டேன்.